கோழி கத்தவில்லை

கோழி போனதைக்கூட சௌந்திரம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குக் கீரியும் காட்டுப்பூனையும் புதிதல்ல. அவளை உறுத்தியது வேறு.

பொழுது சாய்கிற நேரம் முழுக்க அவள் வாசலிலேயேதான் உட்கார்ந்து கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். கிளுவை வேலி அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு விளக்கேற்ற எழுந்தபோதுதான் வேலியோரம் செம்மண்ணில் இறகுகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தாள். கறுப்பும் சிவப்பும் கலந்த இறகுகள். இந்தத் தடவை அடைக்கு வைக்கலாம் என்று எண்ணியிருந்த பெட்டையினுடையவை. ரத்தம் இன்னும் மண்ணுக்குள் இறங்கி முடிக்கவில்லை. அவ்வளவு பக்கத்தில் ஏதோ ஒன்று கோழியைப் பிடித்து, பிய்த்து, தின்று முடித்திருக்கிறது. கோழி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மற்ற கோழிகளும் கத்தவில்லை. சற்றுத் தள்ளி, ரத்தம் பட்ட மண்ணையே கிளறிக் கிளறி அவை எதையோ கொத்திக்கொண்டிருந்தன.

கணவன் ராசப்பன் வந்ததும் லாந்தரைத் தாழ்த்திப் பிடித்துத் தடம் பார்த்தான்.

"நாய்த் தடமாட்டத்தான் இருக்குது. சென்னியப்பண்ணன் குட்டிகளாத்தான் இருக்கும்."

வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் சென்னியப்பனுடையது. ராசப்பனுக்குப் பெரியப்பா மகன். பிள்ளைகள் இல்லை. மனைவி வசந்தாமணி போன பிறகு யாரிடமும் பேச்சு வைத்துக்கொள்ளாமல் இருந்தவர், போன ஐப்பசியில் மூங்கில் வெட்டக் கொல்லிமலை அடிவாரத்துக்குப் போய்விட்டு, மூங்கிலுக்குப் பதில் ஒரு கோணிப்பையோடு திரும்பி வந்தார். பைக்குள் செந்நாய்க் குட்டிகள். வேகாத செங்கல் நிறம். வால் நுனி மட்டும் கரி. காட்டுச் சீவனை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று எருமப்பட்டிச் சந்தையில் ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். "இதுகளாச்சும் என்னயக் கூப்பிடுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆட்டுப்பட்டியைச் சுற்றி முள்ளடைத்து அவற்றை உள்ளே விட்டார்.

அவை குரைப்பதில்லை. செந்நாய் குரைக்காது. சீழ்க்கை அடிக்கும்.

அன்று இரவு சோற்றில் கை வைத்தபோதுதான் சௌந்திரத்துக்கு இன்னொன்றும் உறைத்தது. நோவு வரவில்லை.

இரண்டு வருடம் முன்பு, பேர் வைப்பதற்கு முன்பே அவளுடைய பெண் குழந்தை போய்விட்டது. அன்றிலிருந்து வெயிலும் மழையும் ஊர்ப் பேச்சும் அவளுக்குத் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பது போலத்தான் வந்து சேர்ந்தன. விளக்கு வைக்கிற நேரத்தில் இடது மார்புக்குக் கீழே ஒரு நோவு மட்டும் தினமும் தவறாமல் வரும். பால் கட்டிக்கொண்டபோது வந்த அதே நோவு. பால் வற்றி வெகுகாலம் ஆகியும் அது வற்றவில்லை. அவளுக்குள் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். இன்று அது வராமலே பொழுது இறங்கியிருந்தது. விட்டது சனி என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் யாரோ ஒருவர் சொல்லாமல் வெளியேறிவிட்டது போல இருந்தது.

மறுநாள் காலையில் ராசப்பன் வேலியோரம் நின்று குரல் கொடுத்தான். சென்னியப்பன் மெல்ல நடந்து வந்தார். ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். பாதத்தைச் சுற்றிப் பழந்துணி கட்டியிருந்தது. துணி கறுத்து ஊறிப் போய், அதைச் சுற்றி ஈக்கள்.

"அண்ணா, உங்க குட்டிக எங்கூட்டுக் கோழியத் தின்னுபோட்டுதுங்க."

"அதுக பட்டியத் தாண்டாது தம்பி."

"தடம் இருக்குதுங்களே. சரி, காலுக்கு என்னுங்க ஆச்சு?"

சென்னியப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தார். யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பது போலிருந்தது. பிறகு முகம் மலரச் சிரித்தார். வசந்தாமணி இறந்த பின் அவர் சிரித்து சௌந்திரம் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல தம்பி. நோவே தெரியல."

அன்று பொழுது சாயும்போது சௌந்திரம் வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. அரிவாளை மடியருகே போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். மாசி மாதத்துக் காற்று அறுவடையான சோளக்கொல்லையின் காய்ந்த தட்டை வாசனையையும் கிழக்கே எங்கோ எரித்த கடலைக்கொடிப் புகையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. கொல்லிமலை நீலம் இழந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது. கோழிகள் குடாப்புக்குள் அடைய மனமில்லாமல் அதன் வாசலிலேயே சுற்றிச் சுற்றி வந்தன. அப்போது வேலிக்கு அப்பால், தாழ்வாக, மாடு மேய்ப்பவன் சும்மா உதட்டைக் குவித்து ஊதிப் பார்ப்பது போல, அந்தச் சீழ்க்கை எழுந்தது. ஒரே சுருதி. மேலே போகவில்லை, கீழே வரவில்லை. காதில் விழுந்ததா, நெஞ்சுக்குள் விழுந்ததா என்று பிரிக்க முடியாதபடி அது நீண்டுகொண்டே போனது.

கோழிகள் நின்றன.

தூக்கிய கால் தூக்கியபடி நின்றன. பிறகு ஒரு வெள்ளைப் பெட்டை மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, தீனிக்குக் கூப்பிட்டது போல, அவசரமில்லாமல் வேலிச் சந்துப் பக்கமாக நடந்தது. சந்தில் செங்கல் நிறத்தில் ஒரு முகம். பெட்டை அதன் முன்னால் போய் நின்றது. செந்நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடவில்லை. கழுத்தையும் கடிக்கவில்லை. நின்றபடி நின்ற கோழியை, நின்றபடியே, பக்கவாட்டிலிருந்து தின்னத் தொடங்கியது. கோழி தலையை மெல்லச் சாய்த்தது. கண்ணை மூடித் திறந்தது. பாதி உடம்பு போன பிறகும் அது கீழே விழாமல் நின்று, சௌந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அது யாரோ வேறொருத்தி செய்ய வேண்டிய வேலையாகத் தோன்றியது. மார்புக்குக் கீழே நோவு இல்லை. அந்த இடமே இல்லை. வெதுவெதுப்பான, வாசனையில்லாத ஏதோ ஒன்று உடம்பு முழுக்க நிரம்பிக்கொண்டு வந்தது.

சீழ்க்கை நின்றது. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் நாற்றம் வந்தது.

அவள் வாசற்படியில் இல்லை. வேலிக்குப் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தாள். எழுந்ததும் நடந்ததும் நினைவில் இல்லை. அரிவாள் படியிலேயே கிடந்தது.

ராசப்பனிடம் சொன்னாள். அவன் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

"பசியோட உக்காந்திருந்திருப்ப. தலைசுத்து வந்திருக்கும்."

"கோழிக்குமாங்க தலைசுத்து?"

அவன் லாந்தரை எடுத்துக்கொண்டு குடாப்பை அடைக்கப் போனான்.

அடுத்த நாள் காலையில், மேற்குத் தோட்டத்து ராமாத்தாள் முட்டை வாங்க வந்தாள். சின்ன வயசு. இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை. அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து சௌந்திரம் அதை நேராகப் பார்த்ததில்லை. அன்றும் முட்டையையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"உங்கூட்டுலயும் கோழி போவுதா ராமாத்தா?"

"கோழி என்னுங்க்கா, வெள்ளாட்டுக்குட்டியே போச்சு. மாமியாதான் வாசல்ல இருந்தாங்க. தடுக்கோணும்னு தோணலியாமா." ராமாத்தாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஆனா ஒண்ணுங்க்கா. பொழுதோட இந்தப் புள்ள அழுது அழுது என்ற உசுர எடுக்கும். ரெண்டு நாளா அந்தச் சீட்டிச் சத்தம் கேட்டா போதும், அழுவைய நிறுத்தீருதுங்க. கண்ணத் தொறந்துக்கிட்டு அப்பிடியே கெடக்குது. எனக்கும் நல்லாத்தான் இருக்குதுங்க. ஒரு வெசனமும் இல்ல."

குழந்தை கையை நீட்டி சௌந்திரத்தின் தோளைத் தொட்டது. அவள் விலகிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ராசப்பன் மிளகாய்க்குத் தண்ணீர் விட எண்ணெய் இஞ்சினைப் போட்டிருந்தான். தோட்டமே அதிர்ந்தது. வேலிச் சந்தில் செந்நாய்கள் வந்து நிற்பதை சௌந்திரம் பார்த்தாள். அவற்றின் தலை நிமிர்ந்தே இருந்தது. ஆனால் கோழிகள் தங்கள் பாட்டுக்கு மேய்ந்தன. மார்புக்குக் கீழே நோவு வழக்கம் போல வந்து உட்கார்ந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இஞ்சின் நின்றதும் சீழ்க்கை கேட்டது. கோழிகள் தலையைத் தூக்கின. சேவல் நடக்கத் தொடங்கியது. அவள் உள்ளே ஓடி வெண்கலத் தாம்பாளத்தை எடுத்துக் கரண்டியால் அடித்தாள், காது கிழிய அடித்தாள், சேவல் திடுக்கிட்டுக் கத்தி இறகைச் சிலிர்த்துக்கொண்டு பறந்து கூரையேறும் வரை அடித்தாள்.

ராசப்பன் மண்வெட்டியோடு ஓடி வந்தான். கூரைமேல் நடுங்கும் சேவலையும், வேலியில் வரிசையாக நின்ற முகங்களையும் அவனும் பார்த்தான். சென்னியப்பன் கொண்டுவந்த குட்டிகளைவிட அதிகமாக இருந்தன.

"நாளைக்கு மத்தியானமே போறன்," என்றான். "அண்ணங்கிட்டப் பேசி, எல்லாத்தையும் மலையடிவாரத்துல கொண்டுபோயி உட்டுட்டு வாரேன்."

"தனியாப் போவாதீங்க. ஊருக்குள்ள போயி நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"பங்காளி ஊட்டுக்குப் போறதுக்கு ஆளு எதுக்கு?"

மத்தியானம் சங்கிலியும் தடியுமாகப் போனான். வெயில் வெள்ளையாக அடித்தது. வேலிக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. சௌந்திரம் வேலிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். நிழல் நீண்டது. ஒரு தடவை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

பொழுது இறங்கும்போது அவன் சந்து வழியாக வந்தான். சங்கிலி இல்லை. தடி இல்லை. சந்தைக்குப் போய்த் திரும்பியவன் போல வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு.

"அண்ணன் நல்லா இருக்கறாரு," என்றான். "ஒரு நோவும் இல்லைங்கறாரு."

"கையி..."

"என்ன கையி?"

இடது கையில் விரல்கள் இல்லை. கட்டை விரல் மட்டும் இருந்தது. ரத்தம் முழங்கை வரை வழிந்து காய்ந்திருந்தது. அவன் அந்தக் கையாலேயே தண்ணீர்ச் சொம்பை எடுக்கப் பார்த்தான். சொம்பு உருண்டது. மறுபடி எடுக்கப் பார்த்தான்.

வேலியில் சீழ்க்கை எழுந்தது. அவன் எழுந்தான்.

அந்த வெதுவெதுப்பு தனக்குள் நிரம்புவதற்குள் சௌந்திரம் அவனைத் தள்ளி வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். தலையணையைக் கிழித்தாள். இலவம்பஞ்சை எண்ணெயில் தோய்த்துத் தன் காதில் அடைத்தாள், பிறகு அவன் காதிலும் அடைத்தாள்.

உலகம் அடங்கியது. தன் மூச்சு மட்டும் கேட்டது.

ராசப்பனின் முகம் மாறியது. சிரிப்பு விலகிப் புருவம் சுருங்கியது. குனிந்து தன் கையைப் பார்த்தான். அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. அந்த அலறலில் ஒரு துளிகூட அவளுக்குக் கேட்கவில்லை. அவன் தரையில் விழுந்து புரண்டான். காதுப் பஞ்சை நல்ல கையால் பிடுங்கப் போனான். அவள் அவன் மேல் உட்கார்ந்து, முன்பு மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த வடக்கயிற்றால் அவனைக் கயிற்றுக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் காயத்தில் வைத்துக் கட்டினாள். அவன் உதடுகள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. 'எடுத்துடு.' அவள் தலையை ஆட்டி மறுத்தாள். 'எடுத்துடு அம்மிணி.' மறுத்தாள். விடிந்ததும் ஓடிப்போய் எருமப்பட்டியிலிருந்து வண்டியும் ஆளும் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, அவன் காலடியில், அவன் கால்கள் உதறுவது தன் முதுகில் படும்படி உட்கார்ந்திருந்தாள்.

எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியவில்லை. முதுகில் அதிர்வு இல்லாதது உறைத்துத்தான் விழித்தாள்.

கதவு திறந்திருந்தது. வெளிச்சம் உள்ளே வந்திருந்தது. கட்டில் இல்லை. வாசலிலிருந்து வேலி வரை, கட்டிலை முதுகோடு இழுத்துக்கொண்டு போன கோடுகள். நிலைப்படியில் இரண்டு பஞ்சு உருண்டைகள். கட்டில் கயிற்றில் தேய்த்துத் தேய்த்து வெளியே எடுத்திருக்கிறான்.

அவனாகவே எடுத்திருக்கிறான்.

தன் காதுப் பஞ்சை இன்னும் அழுத்திவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிச் சந்தில் நுழைந்தாள். முள் கிழித்தது. நோவு தெரிந்தது. மார்புக்குக் கீழும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

சென்னியப்பன் தன் வீட்டு வாசலில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே ஒரு கோணி போர்த்தியிருந்தது. கோணி தரையோடு தட்டையாகக் கிடந்தது. சுற்றிலும் செந்நாய்கள், வயிறு உப்ப, வெயிலில் படுத்திருந்தன. அவற்றின் வாய்கள் மூடியிருந்தன.

சென்னியப்பனின் உதடுகள் குவிந்திருந்தன. கன்னம் ஒட்டியது, உப்பியது. ஒட்டியது, உப்பியது.

அவர்தான் ஊதிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் கண்ணால் வாவென்றார். நின்றுவிடாமல் ஊதினார். பக்கத்தில் ராசப்பன், பந்தியில் இடம் பிடித்தவன் போலச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் கட்டில் கவிழ்ந்து, கயிறு அவிழ்ந்து கிடந்தது. அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் திமிறவில்லை. வரவும் இல்லை. நனைந்த நெல் மூட்டையாகக் கனத்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்து ஒரு சொல் சொன்னான். உதடு அசைந்ததிலிருந்து அது என்னவென்று தெரிந்தது.

'உக்காரு.'

ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தது. பிறகு இன்னொன்று. அவை அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் பார்த்தன.

திரும்பினாள்.

மேற்கே, வரப்பின் மேல், ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வெள்ளாடுகள். பிறகு ராமாத்தாளின் புருசன். மாமியார். தோட்டத்தில் கடலை பிடுங்க வந்த ஆட்கள், தலைச் சும்மாடுகூட அவிழ்க்காமல். ராமாத்தாள், இடுப்பில் குழந்தையோடு. யாரும் அவசரப்படவில்லை. எல்லார் முகமும் குளித்துவிட்டு வந்தது போலத் தெளிவாக இருந்தது.

சௌந்திரம் கத்தினாள். தொண்டை வலித்தது. சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. யாரும் திரும்பவில்லை. வரப்பில் குறுக்கே நின்றாள். ஆடுகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. மனிதர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள். அரிவாள் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

ராமாத்தாளின் இடுப்பிலிருந்து குழந்தையைப் பறித்தாள். ராமாத்தாள் விட்டுக்கொடுத்தாள். தண்ணீர்க் குடத்தை மாற்றிக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு கட்டையாகக் கிடந்தது. சௌந்திரம் அதன் ஒரு காதைத் தன் மார்போடு அழுத்தினாள். மறு காதை உள்ளங்கையால் பொத்தினாள். ஓடினாள். எதிர்த்திசையில், எருமப்பட்டிச் சாலையை நோக்கி, உழுத கட்டிகளில் கால் இடற ஓடினாள். குழந்தையின் உடம்பு ஒரு தடவை துள்ளியது. பிறகு அது அழத் தொடங்கியது. அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் மார்பெலும்பில் அந்த அழுகை அதிர்ந்தது. நோவு இருந்த இடத்திலேயே வந்து அதிர்ந்தது. அவள் ஓடிக்கொண்டே அழுதாள். அழு. அழு சாமி. நிறுத்தாதே.

குழந்தை வீறிட்டுக்கொண்டு கையை வீசியது. அவள் சேலையைப் பிடித்தது. தோடைப் பிடித்தது. காதைப் பிடித்தது.

பஞ்சைப் பிடித்தது.

அவளால் கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் குழந்தையின் காது திறந்துவிடும். தலையைச் சாய்த்தாள். உதறினாள். சின்ன விரல்கள் இறுகப் பற்றின. இழுத்தன.

முதலில் அழுகை கேட்டது. பச்சைக் குழந்தையின் அழுகை, காதோரத்தில், முழுதாக. எத்தனை காலம் ஆயிற்று அதைக் கேட்டு. அதற்கு அடியில் மற்றது வந்தது. ஒரே சுருதி. மேலே போகவில்லை. கீழே வரவில்லை.

அவள் ஓட்டம் நடையாயிற்று. நடை நின்றது.

அழுகை தூரத்துக்குப் போனது. மார்புக்குக் கீழே அந்த இடம் மெல்ல மூடிக்கொண்டது. வெயில் இதமாக இருந்தது. குழந்தையின் காதைப் பொத்தியிருந்த கை தானாகச் சரிந்து இறங்கியது. குழந்தையின் வாய் மூடியது. சுருங்கியிருந்த முகம், கசங்கிய துணியை நீவிவிட்டது போல, மெல்ல மெல்ல விரிந்து தெளிந்தது.

சௌந்திரம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். வரப்பில் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ராமாத்தாளுக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

அவள் போய் அதில் சேர்ந்துகொண்டாள்.